மார்கழியில் குட்டையைக் கலக்காதீர்கள்

காணும் பொங்கலுக்கு மாமல்லபுரத்தில் கூடும் கூட்டத்தை நம்பி, மார்கழியிலேயே குட்டையில் வலை இழுத்து மீனின் எடை பார்க்க நினைக்கிறீர்களா? வேண்டாம் என்பதே என் கருத்து.

கட்லா, ரோகு, மிர்கால் எல்லாம் 25 முதல் 30 டிகிரி வெப்பத்தில் நன்றாகத் தின்று வளர்பவை. பருவமழை ஓய்ந்து பனி இறங்கினால் அவற்றின் தீனி குறையும். தவிடும் புண்ணாக்கும் பழைய அளவிலேயே போட்டால் அடியில் அழுகும்; விடியற்காலையில் மீன்கள் ஆக்சிஜன் இல்லாமல் மேலே வந்து வாயைத் திறக்கும். தீவனத்தைப் பாதியாக்குங்கள். மேகமூட்டமான நாளில் போடவே வேண்டாம்.

அதைவிடப் பெரிய நட்டம் புண் நோய். 1988-இல் இந்தியாவுக்குள் நுழைந்த இந்நோய்க்கு அஃபனோமைசிஸ் என்ற நீர்ப்பூஞ்சை காரணம். குளிர்ந்த நீரில்தான் இது கிளம்பும். வலையில் உரசிச் செதில் உதிர்ந்த இடம் அதற்கு வாசல். விராலை எளிதில் தாக்கும்; நல்ல விலை போகும் மீனும் அதுதான்! பக்கத்து வயலில் அடித்த மருந்துதான் காரணம் என்று சண்டைக்குப் போகுமுன், மீனின் உடம்பில் சிவந்த, ஆழமான புண் இருக்கிறதா என்று பாருங்கள்.

நீரின் பி.எச். 7-க்குக் கீழே இறங்கியிருந்தால் சுண்ணாம்பு கரைத்துத் தெளியுங்கள். நோய் கண்டுவிட்டால் ஒரு மீட்டர் ஆழமுள்ள ஒரு ஹெக்டேர் நீருக்கு 1 லிட்டர் சிஃபாக்ஸ். காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்திலும் கேளுங்கள்.

மாதந்தோறும் மாதிரி மீன் பிடிக்கச் சொல்லும் விரிவாக்க அலுவலர்கள் மார்கழி, தைக்கு விலக்குத் தரலாம். பொங்கல் விற்பனைக்குப் பெரிய கண்ணி வலையால் ஒரே இழுப்பு போதும். மற்றதை மாசி கழிந்து, வெயில் ஏறியபின் பிடித்துக்கொள்ளலாம்.