கன்றுக்குட்டி தானாக வரவில்லை

தமிழில் தப்பிக்க ஒரு வசதி இருக்கிறது. "கண்ணாடியை உடைச்சிட்டன்" என்றும் சொல்லலாம், "கண்ணாடி உடைஞ்சிட்டுது" என்றும் சொல்லலாம். இரண்டாவதில் ஆளே இல்லை. கண்ணாடியே மனம் வெறுத்து விழுந்த மாதிரி.

சின்னப் பிள்ளை சொன்னால் சிரித்துவிட்டுப் போகலாம். சபையில் வளர்ந்த இருபது வயதுக்காரர் சொல்லும்போதுதான் எனக்குப் பொறுக்கவில்லை, ஏனென்றால் நாங்கள் அதற்கு ஜெப பாஷையும் பூசிவிடுகிறோம். கடன் வாங்கிய காசைத் திருப்பிக் கொடுக்காதவன் "சத்துரு என்னை விழுத்திப் போட்டான்" என்கிறான். படிக்காமல் சோதனையில் கோட்டை விட்டவன் "கர்த்தருடைய சித்தம்" என்கிறான். சிநேகிதியைப் பற்றி வாட்ஸ்அப்பில் கதை பரப்பியவள் "நான் ஆண்டவரிட்ட மன்னிப்புக் கேட்டிட்டன்" என்கிறாள். சிநேகிதியிடம் கேட்டாளா? இல்லை.

யாத்திராகமம் 32ஐ எடுத்து வாசியுங்கள். மோசே மலையில் இருக்கிறார். கீழே ஆரோன் சனங்களின் பொன் தோடுகளை வாங்கி, கருவி பிடித்துக் கன்றுக்குட்டி செய்கிறார், அதற்கு முன்னால் பலிபீடமும் கட்டுகிறார். மோசே இறங்கிவந்து கேட்டதும் என்ன சொல்கிறார்? இந்தச் சனங்கள் பொல்லாதவர்கள் என்று உமக்கே தெரியும், பொன்னை நெருப்பில் போட்டேன், கன்றுக்குட்டி வெளியே வந்தது என்கிறார். வேதாகமத்தில் இதைவிடக் கேவலமான சாக்கு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. (கணினி வேலையிலும் "சர்வர் விழுந்திட்டுது" என்று அறிக்கை வரும். எந்தக் கட்டளையைத் தட்டினேன் என்று ஒருவர் வாய் திறக்கும்வரை ஒன்றையும் திருத்த முடியாது.)

அப்படியானால் பிசாசு இல்லையா என்று கேட்பீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. ஏதேனில் ஏவாள் பாம்பைக் கைகாட்டினாள். அது ஏமாற்றியது உண்மைதான், பாம்புக்கும் தண்டனை கிடைத்தது. ஆனாலும் அவளைக் கடவுள் விடவில்லை. சொல்லும் காரணம் உண்மையாக இருந்தாலும் அது சாக்காகலாம்.

மன்னிப்பும் அப்படித்தான். லூக்கா 19இல் வரி வசூலித்த சகேயு, கண்ணீர் விட்டுப் பாட்டுப் பாடவில்லை. சொத்தில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாக வாங்கியிருந்தால் நாலு மடங்காகத் திருப்பித் தருவேன் என்று எழுந்து நின்று கணக்குச் சொன்னான். அதன் பிறகுதான் இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று இயேசு சொல்கிறார்.

இன்னொரு பக்கமும் உண்டு. கணவனிடம் அடிவாங்கிய பெண்ணைப் பார்த்து, "நீயும் உன்ர பங்கை ஒத்துக்கொள், மகள்" என்று புத்தி சொல்லும் போதகர்கள் இருக்கிறார்கள். அது பொறுப்பேற்கச் சொல்வதே அல்ல. அடித்தவனின் பொறுப்பைத் தூக்கி அடிவாங்கியவள் தலையில் வைப்பது.

"எங்கட அப்பா அம்மா யுத்தத்தைக் கண்டவை, எங்களைப் பள்ளிக்கூடத்தில நிறம் சொல்லிக் கேலி செய்தவங்கள்" என்பதும் உண்மை. அதைப் பேசத்தான் வேண்டும். ஆனால் மார்ட்டின் நீமோல்லரை விட நல்ல காரணம் எங்களில் யாரிடம் இருக்கிறது? ஜெர்மன் போதகரான அவரை 1937இல் ஹிட்லரின் ஆட்கள் பிடித்தார்கள். சிறை, பிறகு சாக்சன்ஹவுசன், டாஹாவ் முகாம்கள். 1945இல்தான் விடுதலை. அந்த ஒக்டோபரில் ஸ்டுட்கார்ட்டில், நாங்கள் போதிய துணிவோடு சாட்சி சொல்லவில்லை என்று ஜெர்மன் திருச்சபைத் தலைவர்கள் ஒப்புக்கொண்ட அறிக்கையில் அவரும் கையெழுத்திட்டார். அதில் யூதர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடாதது பெரிய குறை. ஆனால் நீமோல்லர் அதோடு நிற்கவில்லை. விடுதலையான பிறகு மனைவியோடு டாஹாவுக்குப் போனார். அங்கே பலகையில் 1933 முதல் 1945 வரை என்று எழுதியிருந்தது. 1937க்குப் பிறகு எங்கே இருந்தாய் என்று கேட்டால் அவரிடம் பதில் இருந்தது. அதற்கு முந்திய நாலு வருடத்துக்குப் பதில் இல்லை, அவர் ஆரம்பத்தில் ஹிட்லரை வரவேற்றவர். இதை ஊர் ஊராகப் போய்ச் சொன்னார். கேட்ட பலருக்குக் கோபம் வந்தது.

காசு வாங்கிய தம்பி, அடுத்த வாலிபர் கூட்டத்தில் சாட்சி சொல்ல எழும்ப முதல் அவனுக்கு ஒரு கோல் எடு. சத்துருவைப் பற்றி ஒன்றும் சொல்லாதே. எப்போது, எவ்வளவு தருவாய் என்று மட்டும் சொல்.