பல் காட்டப் போனால் பேர் போகணுமா?



1970இல் நோர்வேயின் ஹரால்ட் லோ என்ற பேராசிரியரின் குழு நம் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்து 480 ஆண் தொழிலாளரின் வாயைப் பரிசோதித்தது. 1985 வரை திரும்பத் திரும்ப வந்து பார்த்தார்கள். ஏன் நம்மை? பல் வைத்தியமே எட்டாத சனம் என்பதால்தான். உலகப் பல் மருத்துவப் பாடத்தில் நம் அப்பன்மார் அப்படித்தான் இடம் பிடித்தார்கள்.

எல்லோர் பல்லிலும் காரை இருந்தது. 100க்கு 8 பேருக்குப் பல்லைப் பிடித்திருக்கும் சதையும் எலும்பும் வேகமாக அழிந்தன. 81 பேருக்கு மெல்ல மெல்ல.

பல்லில் கிருமிகள் பசைபோலப் படியும். பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும். விட்டுவிட்டால் எச்சிலிலுள்ள சுண்ணாம்புச் சத்து சேர்ந்து கல்லாகும். பிறகு எந்தப் பிரஷ்ஷும் அசைக்காது, வைத்தியர்தான் கருவியால் சுரண்டி எடுக்க வேண்டும். ஈறில் ரத்தம் கசிந்தால் ‘உடம்புச் சூடு’ என்கிறோம். சூடல்ல, கிருமி. சீனி போட்ட சாயத்தண்ணியை அடிக்கடி குடித்தால் அதே கிருமிகள் சீனியை அமிலமாக்கிப் பல்லைச் சூத்தையாக்கும். (வெற்றிலை வாய்க்கு நல்லதென்பார்கள். பாக்கும் புகையிலையும் புற்றுநோய் தருபவை.)

காரை எடுக்க டவுனுக்குப் போனால் அன்றைய பேர் போச்சு. அதனால் வலி தாங்காதபோது பிடுங்கத்தான் போகிறோம். மாதம் ஒருநாள் பல் வைத்தியர் தோட்ட டிஸ்பென்சரிக்கு வர வேண்டும். அன்று பேர் வெட்டக்கூடாது. சம்பளப் பேச்சோடு இதையும் தலைவர்மார் மேசையில் வைக்கட்டும். வாயைப் பார்த்துக் குறிப்பெழுத வந்தவர்களுக்கு 15 வருடம் வழிவிட்ட தோட்டம், வைத்தியம் செய்ய வருபவருக்கு விடாதா?