விழிப்புணர்வு யாருக்கு வேணும்?

தோழர்களே, நம்ம கூட்டங்கள்லயும் இந்தப் பேச்சு வந்திருச்சு: "சேரிப் பொண்ணுங்க சின்ன வயசுலயே பிள்ளை பெத்து வறுமையில விழுதுங்க. விழிப்புணர்வு ஊட்டணும்." சிவகாசிப் பக்கம் ஒரு சேரியில், பத்தாவதோட படிப்பை விட்டு 17 வயசுல தாயானவள் நான். என்னிடம் ஒரு கணக்கு இருக்கு.

பிரசவத்துக்கு முன்பணம் வாங்கினோம். அதை அடைக்க, கைப்பிள்ளையோட வீட்டுலயே தீப்பெட்டி ஒட்டினேன். பிறகு பட்டாசு ஆபீஸ்ல வெடி பின்னல். கடன் இருக்கிறவ கூலி கூட்டிக் கேட்க முடியுமா? என்கூடப் படிச்சவ நர்ஸாகி மாசச் சம்பளம் வாங்குறா. எனக்கு 40 வயசுலயும் எண்ணிக்கைக் கூலிதான். அந்தக் குறைந்த கூலியில் லாபம் பார்த்தவன் யாரு?

பெத்தவங்க ஏன் சீக்கிரம் கட்டிக் குடுக்கிறாங்க? ரெண்டு பேரும் விடியக்காலம் வேன் ஏறிட்டா வயசுக்கு வந்த பிள்ளைக்குக் காவல் யாரு? ஊர்த்தெரு வழியா பள்ளிக்கூடம் போற சேரிப் பிள்ளைமேல கை வச்சா கேட்க நாதி உண்டா? அந்தப் பயம்தான் தாலியாகுது.

என் கதை பழசு. இன்னைக்கு 17 வயசுத் தாயின் நிலை என்ன? ஆபத்தான தொழிலில் 18 வயசுக்குக் கீழே யாரையும் வைக்கக் கூடாதுன்னு 2016ல் சட்டத் திருத்தம் வந்தது. சரிதான். ஆனால் கடன்காரி ஏட்டுல பேரில்லாமலே உள்குத்தகைக்காரனிடம் வேலை செய்வா. பேரில்லாதவளுக்கு பி.எப். இல்ல, பேறுகாலச் சம்பளம் இல்ல. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பேறுகால உதவி 18,000 ரூபாய். அதுக்கு 19 வயசு ஆகியிருக்கணும். போக்சோவில் புருஷன்மேல கேஸ் வரும்னு ஆஸ்பத்திரிக்கே பயந்து பயந்து போறா. குழந்தைத் திருமணத்தைத் தடுக்கிற சட்டம் வேணும். ஆனா தடுக்கத் தவறினது அரசு; தண்டம் கட்டுறது அவ.

1928ல் பம்பாய் சட்டசபையில் பேறுகால உதவி மசோதாவை ஆதரித்துப் பேசினார் அண்ணல் அம்பேத்கர். அந்தச் செலவில் அரசுக்கும், பெண் உழைப்பால் லாபம் அடையும் முதலாளிக்கும் பொறுப்பு உண்டுன்னு வாதாடினார். அவர் படத்துக்கு மாலை போடுற நாம் பட்டாசு முதலாளியிடம் அதைக் கேட்டோமா?

கேட்போம். வயசு பார்க்காத பேறுகால உதவி. பிள்ளை பெத்தவளைத் திரும்பச் சேர்க்கிற பள்ளி, பக்கத்திலேயே பால்வாடி. 18 ஆனதும் ஏட்டுல பேர்.

என் மகளும் 18ல தாயாகி, நான் போற அதே வேன்ல ஏறுறா. விழிப்புணர்வு எங்களுக்கு நிறையவே இருக்கு தோழர்களே. இல்லாதது கையில காசும் ஏட்டுல பேரும்.