இன்னைக்கே அட்வான்ஸ் போடுங்க

எங்கள் வீட்டில் ஒரு கார் வாங்குவதென்று முடிவானது. புதுக் கார் இல்லை, பாவித்த கார்தான். பாட்டியைத் திகனயிலிருந்து கண்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்வர மாசா மாசம் த்ரீவீலுக்குக் கொடுக்கிற காசை அப்பா ஒருநாள் கூட்டிப் பார்த்தார். அவ்வளவுதான், அடுத்த ஞாயிறு நானும் அவரும் ஒரு கார் சேல் வாசலில் நின்றோம்.

உள்ளே போனதும் பிளேன்டீ வந்தது. அப்பாவை "ஐயா" என்றும் என்னை "தம்பி" என்றும் கூப்பிட்ட அந்த ஆள், நாங்கள் கேட்பதற்கு முன்பே ஒரு வேகன்ஆரின் பொனட்டைத் திறந்து எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிக் காட்டினார். எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருந்தது. அதன் அர்த்தம் அப்போது எனக்குத் தெரியாது. பழைய எஞ்சினின் வருத்தங்கள் குளிரில் ஸ்டார்ட் பண்ணும்போதுதான் வெளியே தெரியும் என்று பிறகு ஒரு கராஜ் பாஸ் சொன்னார்.

"நம்ம பாஸுகிட்ட ஒருக்கா காட்டிட்டு வரலாமா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "தம்பி, நம்பிக்கை இல்லாட்டி வாகனம் வாங்க ஏலாது." சரியாக அந்த நேரத்தில் அவருடைய ஃபோன் அடித்தது. பேசி முடித்துவிட்டு அப்பா பக்கம் திரும்பினார். "ஐயா, கொழும்புல இருந்து ஒரு பார்ட்டி வந்துகிட்டு இருக்கு. உங்களுக்குத்தான் குடுக்க ஆசை. இன்னைக்கே அட்வான்ஸ் போடுங்க."

அப்பா ஐம்பதாயிரம் கொடுத்தார். மறுநாள் விசாரித்தால் காருக்கு இன்னும் லீசிங் பாக்கி இருக்கிறது, புக் அவர்கள் கையிலேயே இல்லை. வேண்டாம், காசைத் திருப்பித் தாருங்கள் என்று போய் நின்றபோது ரசீதின் அடியில் இருந்த ஒரு வரியைக் காட்டினார்கள். அட்வான்ஸ் திருப்பித் தரப்படாது என்று ஆங்கிலத்தில் இருந்தது. அப்பாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் நான் வாசிக்கவில்லை. அந்தக் குற்ற உணர்ச்சியும் சேர்ந்துதான் இதை எழுதுகிறேன்.

கதையைக் கேட்ட எல்லோரும் ஒரே புத்திதான் சொன்னார்கள்: "கொஞ்சம் கறாரா பேசியிருக்கணும்." இதைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கண்டி மார்க்கெட்டில் ஒரு கிலோ போஞ்சிக்குப் பத்து நிமிஷம் பேரம் பேசுகிற மனுஷன் என் அப்பா. அவருக்குக் கறாராகப் பேசத் தெரியாமல் இல்லை. போஞ்சியை உடைத்துப் பார்த்தால் முற்றலா பிஞ்சா என்று தெரிந்துவிடும். காரை அப்படி உடைத்துப் பார்க்க முடியாதே!

இதற்கு ஒரு பேர்பெற்ற விளக்கம் இருக்கிறது. 1970இல் ஜோர்ஜ் அகர்லொஃப் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் பாவித்த கார்ச் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அதற்கு முன் மூன்று சஞ்சிகைகள் அதை வேண்டாம் என்று திருப்பியனுப்பியிருந்தன. 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைக்க அதே கட்டுரைதான் முக்கிய காரணம். அவர் சொன்னது சின்ன விஷயம். காரின் குறை விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. தெரியாதபடியால் வாங்குபவன் எல்லாக் காரையும் சந்தேகப்பட்டுக் குறைத்துத்தான் கேட்பான். அந்த விலைக்கு நல்ல காரை எவன் கொடுப்பான்? நல்ல கார்கள் சந்தையை விட்டுப் போகும், கடைசியில் ஓட்டைக் கார்களே மிஞ்சும்.

எங்கள் நாட்டில் இதற்கு மேல் இன்னொன்றும் நடந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் ரூபாய் விழுந்தது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் கிட்டத்தட்ட ஐந்து வருஷம் இருந்த கார்களையே நாங்கள் கை மாற்றிக்கொண்டிருந்தோம். பல வருஷம் ஓடிய கார் புதிதாக வாங்கின விலையை விடக் கூடுதலாக விலைபோனதை எல்லோரும் பார்த்தோம். "இன்னைக்கு விட்டா நாளைக்கு ஏறிடும்" என்பது அந்தக் காலத்தில் உண்மையாகவே இருந்தது. கதவு திறந்தபிறகும் அந்தப் பயம் எங்களை விட்டுப் போகவில்லை. விற்பவர்கள் பிடிப்பது அந்தப் பயத்தைத்தான்.

அந்த அவசரம் எதற்காக என்று யோசித்துப் பாருங்கள். ஒரு நாள் அவகாசம் கிடைத்தால் நாங்கள் மூன்று காரியம் செய்திருப்போம். பாஸிடம் காட்டியிருப்போம்: டிங்கர் வேலை நடந்திருக்கிறதா, மீட்டரைக் குறைத்திருக்கிறார்களா என்று அவர் பார்த்திருப்பார். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் வாகன இலக்கத்தைப் போட்டு, உரிமையாளர் யார், லீசிங் கொம்பனியின் பெயர் அதில் கிடக்கிறதா என்று பார்த்திருப்போம். வீட்டுக்குப் போய் அம்மாவிடமும் கேட்டிருப்போம். "கொழும்புப் பார்ட்டி" இந்த மூன்றையும் ஒரே அடியில் நிறுத்திவிட்டது. அப்படி ஒரு ஆள் உண்மையில் இருந்தாரா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

அந்த விற்பனையாளர் மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. என்னோடு படித்த ஒருவனும் இதே வேலைதான் செய்கிறான். சம்பளம் கொஞ்சம், மிச்சமெல்லாம் கொமிஷன். மாசக் கடைசியில் விற்காத ஆளுக்குச் சோறு இல்லை. அவனைப் பார்த்து "நேர்மையா இரு" என்று சொல்வதும், அப்பாவைப் பார்த்து "கறாரா பேசு" என்று சொல்வதும் எனக்கு ஒன்றுதான். இரண்டுமே விதியின் வேலையை மனுஷர் தலையில் கட்டுவது.

விதி போட முடியாதா? அமெரிக்காவில் 1985 முதல் வியாபாரி விற்கிற ஒவ்வொரு பாவித்த காரிலும் ஒரு தாள் தொங்க வேண்டும். உத்தரவாதம் உண்டா, இல்லையென்றால் "இருக்கிறபடியே" விற்கப்படுகிறதா என்று அதில் எழுதியிருக்கும். சிங்கப்பூரில் 2012 செப்டம்பரிலிருந்து உள்ள சட்டப்படி, வாங்கி ஆறு மாசத்துக்குள் குறை வெளிப்பட்டால் அது விற்கும்போதே இருந்தது என்றுதான் பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். இல்லையென்று காட்டுவது விற்றவர் பொறுப்பு. பாவித்த கார்களுக்கும் அது பொருந்தும்.

எங்களிடமும் சட்டம் இல்லாமல் இல்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அதிகார சபைச் சட்டம், வியாபாரி பொய் சொல்லி ஏமாற்றுவதைத் தடை செய்கிறது. ஆனால் பொய்யெல்லாம் வாய்ப்பேச்சில் வருகிறது, கையெழுத்து மட்டும் தாளில் வாங்கப்படுகிறது. முறைப்பாடு செய்யப் போனால் எங்கள் கையில் இருப்பது அவர்களுக்குச் சாதகமான அந்தத் தாள் மட்டும்தான்.

அதனால் நான் கேட்பது இரண்டு. ஒன்று, அந்தத் தாள் தமிழிலும் இருக்க வேண்டும். தமிழ் அரச கரும மொழியாகி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, ஆனால் ஒரு தமிழ் ஆள் வாழ்க்கையில் போடுகிற பெரிய கையெழுத்துகள் பலவும் அவருக்கு வாசிக்கத் தெரியாத தாளில்தான் விழுகின்றன. இரண்டு, அட்வான்ஸ் கொடுத்தபிறகு ஒரு நாளாவது மனம் மாற உரிமை வேண்டும். நல்ல கார் விற்பவருக்கு இதில் ஒரு நட்டமும் இல்லை.

அதுவரைக்கும் நம்மைப் போன்ற பிள்ளைகளுக்கு ஒரு வேலை இருக்கிறது. அப்பா அம்மாவோடு கூடப் போங்கள், சும்மா பொனட்டைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் தாளை வாசியுங்கள். வாயால் சொன்னதை ரசீதின் பின்பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் அதுவே பதில். ஓபன் பேப்பரில் வாங்கவே வேண்டாம், பதினாலு நாளுக்குள் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள். பிளேன்டீ குடித்துவிட்டோமே என்று வெட்கப்படவும் வேண்டாம்.

கடைசியில் நாங்கள் கார் வாங்கியது ஓய்வுபெற்ற ஒரு டீச்சரிடம். போனவுடனே அவர் சொன்னார்: "ஏசி சரியில்லை. செகண்ட் கியர் கொஞ்சம் இறுக்கம். பின் கதவில ஒருக்கா டிங்கர் பண்ணியிருக்கு. உங்க பாஸைக் கூட்டிட்டு வாங்க, அவசரமில்லை."

அப்பா அன்றைக்குப் பேரமே பேசவில்லை.