நடுவம் இன்றியும் நெசவு நடக்கும்

காஞ்சிக்கு அணித்தே உள்ள திருப்பருத்திக்குன்றம், பெயரிலேயே பருத்தியைத் தாங்கிய ஊர். அப்பகுதியின் கோர்வைப் பட்டுத் தறியில் மூன்று நாடாக்கள் ஓடுகின்றன: உடலுக்கு ஒன்று, கரைகளுக்கு இரண்டு. ஒவ்வொன்றும் தன் இழையைத் தன் எல்லைக்குள் இட்டு, எல்லையில் மற்றதனோடு கோத்துக்கொள்கிறது. புடவை ஒன்றே, ஆயினும் கரையின் நிறம் உடலில் கரைவதில்லை.

கணிப்பொறியியலும் இதனை ஒத்த நெறியைக் கண்டுள்ளது. 1973-இல் கார்ல் எவிட்டும் துணைவரும் வகுத்த முறையில், ஒவ்வோர் உறுப்பும் தன் நினைவைத் தானே காக்கும். பிறவற்றோடு செய்தியால் மட்டுமே பேசும். 1986-இல் சுவீடனின் எரிக்சன் நிறுவனத்தில் தோன்றிய எர்லாங்கு மொழியும் அவ்வகையினதே. ஓர் உறுப்பு வீழினும் ஏனையவை இயங்கும். 2005-இல் வந்த 'கிட்டு' என்னும் கருவியோ, நிரலின் முழு வரலாற்றையும் ஒவ்வொருவர் பொறியிலும் வைக்கிறது.

1974 ஏப்பிரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் மாநிலத் தன்னாட்சி கேட்டு முடிவியற்றியது. தில்லியில் உரிமை குவிவதை எதிர்க்கும் நாம், நம் எழுத்தும் ஏடும் கணக்கும் அயல்நாட்டார் சிலரின் பொறிக்கிடங்குகளில் குவிவதைக் கண்டும் வாளா இருப்பதோ?

பரவல் என்னும் பெயரால் மட்டும் உரிமை வந்துவிடாது. 2009-இல் தொடங்கிய பிட்காயினுக்கு நடுவம் இல்லை. எனினும் அதன் கணக்கிடும் ஆற்றல் பெருங்கூட்டுகள் சிலவற்றிடமே திரண்டது. பொறியும் நிரலும் எவர் கையிலோ, உரிமையும் அவர் கையிலேயே!

எனவே, நெசவாளர் கூட்டுறவு மன்றங்கள் தம் வடிவங்களையும் கூலிக் கணக்குகளையும் தம்மிடத்தே வைத்துத் தம்முள் பகிர்ந்துகொள்ளும் மென்பொருளைத் தமிழிளைஞர் ஆக்கித் தரல் வேண்டும். நிரலெழுதத் தமிழ் ஏலாது என்பார்க்கு 'எழில்' நிரல்மொழியே விடை. கணு, செய்தி, படி, ஒப்புதல் எனச் சொற்கள் உள, செயலே இல்லை.

தமிழா! உன் நாடாவை நீயே எறி!