கடல்பனிக்கும் ஜிஎஸ்எம் பார்க்கணும்

சேவூர்ல உட்கார்ந்துக்கிட்டு கடல்பனியைப் பத்தி எதுக்கு எழுதறேன்னு கேட்பீங்க. நமக்குப் பனின்னா மார்கழி காலையில பைக் சீட்டை நனைக்கிறது மட்டும்தான். ஆனா அன்டார்டிகாவுல லார்ஸ்மன் குன்றுகள்ல 2012-லிருந்து 'பாரதி'ங்கிற நம்ம ஆய்வு நிலையம் இயங்குது. கோவாவில் உள்ள தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆய்வு மையம்தான் அதை நடத்துது. அந்த மாதிரி இடங்கள்ல உறைஞ்ச கடல் மேல நடக்கறதும் வண்டி ஓட்டறதும் விளையாட்டில்லை.

என் சித்தப்பா பனியன் கம்பெனியில செக்கிங். துணி ரோல்ல வட்டமா ஒரு துண்டு வெட்டி, எடை போட்டு ஜிஎஸ்எம் பார்ப்பார். ஒரு தடவை ஷிப்மென்ட் தேதி நெருங்கிடுச்சுன்னு ஒரே முனையில மட்டும் வெட்டிப் பார்த்துப் பாஸ் பண்ணச் சொன்னாங்க. நடுவுல துணி மெலிசு. சரக்கு திரும்பி வந்துடுச்சு.

கடல்பனியும் அதே கதைதான். ஒரு இடத்துல துளை போட்டு அளந்தது அடுத்த இடத்துக்குச் செல்லாது. அடியில ஓடும் நீரோட்டம் பனியை அரிச்சுடும். மேல விழுந்த பனித்தூள் போர்வை மாதிரி குளிரைத் தடுத்து, கட்டி வளர்றதைக் குறைக்கும், விரிசலையும் மறைச்சுடும். கடல்நீர் சுமார் -1.8 டிகிரி செல்சியஸ்ல உறையுது. உறையும்போது உப்புநீர் சின்னச் சின்ன அறைகளா உள்ளேயே சிக்கிக்கும். அதனால ஏரிப்பனியை விட இது பலவீனம். இன்னொரு விஷயம்: தாங்கும் எடை, தடிமனோட வர்க்கத்தைப் பொறுத்தது. தடிமன் பாதியானா, தாங்குற எடை பாதி இல்லை, கால்வாசி!

இதுக்குத் தீர்வு வெறும் கருவின்னு நாம இன்ஜினியரிங் பசங்க உடனே சொல்லிடுவோம். கனடாவுல ஸ்மார்ட்ஐஸ்னு ஒரு அமைப்பு இருக்கு. ஸ்நோமொபைல் இழுக்கிற சறுக்கு வண்டியில மின்காந்தக் கருவி வெச்சு, போகப் போகப் பனியோட தடிமனை அளக்கறாங்க. ஆனா எந்தப் பாதையில அளக்கணும்னு முடிவு பண்றது அந்த ஊர் இனுயிட் மக்கள்தான். தடியால குத்திப் பார்த்தே பனியைப் படிக்கிற அனுபவம் அவங்களோடது. கருவியும் வேணும், அனுபவமும் வேணும்.

இந்த ரெண்டும் இருந்தாலும் போதாதுங்கிறதுதான் என் கருத்து. 'வேண்டாம்'னு சொன்னா கேட்கிற மனசும் வேணும். 1916 மே 8-ம் தேதி. ஷேக்கிள்டனோட ராஸ் கடல் குழுவைச் சேர்ந்த மெக்கின்டாஷும் ஹேவர்டும், ஹட் பாயின்ட்ல இருந்து கேப் எவன்ஸுக்கு, புதுசா உறைஞ்ச கடல் மேல நடக்கக் கிளம்பினாங்க. கூட இருந்தவங்க தடுத்தாங்க. கேட்கலை. கொஞ்ச நேரத்துல பனிப்புயல் அடிச்சது. அப்புறம் அவங்களை யாரும் பார்க்கலை. தேடிப் போனவங்களுக்குக் கிடைச்சது, உடைஞ்ச பனியோட விளிம்பில் முடிஞ்சுபோன காலடித் தடம்தான். மத்த மூணு பேர் ஜூலை வரைக்கும் பொறுத்து, அதே கடலைத் தாண்டிப் பத்திரமாப் போய்ச் சேர்ந்தாங்க.

ரெண்டு மாசம் காத்திருந்தது கோழைத்தனமா? இல்லீங்க, அதுவும் ஒரு முடிவுதான். நாம படிக்கிற பாடத்துல லோடு கணக்கு இருக்கு, சேஃப்டி ஃபேக்டர் இருக்கு. ஆனா 'இன்னைக்கு வேண்டாம்'னு சொல்றவருக்கு என்ன அதிகாரம்னு எந்த யூனிட்லயும் இல்லை. என் சித்தப்பாவுக்கு ஜிஎஸ்எம் பார்க்கத் தெரியும். ரோலை நிறுத்தத்தான் அதிகாரம் இல்லை.

அன்டார்டிகாவுக்கு நம்மள்ல யாரு போவோமோ தெரியாது. ஆனா ஐப்பசி மழையில தரைப்பாலத்து மேல தண்ணி போறப்ப, அடியில ரோடு இருக்கா இல்லையான்னு நமக்கும் தெரியாது. அப்போ காலேஜ் பஸ் டிரைவர் அண்ணன் வண்டியை நிறுத்தினா, இன்டர்னலுக்கு லேட்டாகுதுன்னு அவரை நச்சரிக்காதீங்க.