கருப்பை வாக்குப்பெட்டி அன்று

'நாம் இருவர், நமக்கு இருவர்' என்று சுவரெங்கும் சிவப்பு முக்கோணம் வரைந்தவர்கள் ஆட்சியாளர்கள். அவர்களின் குரல் இப்போது மாறிவிட்டது. 2024 அக்டோபரில் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு கூடுதல் பிள்ளைகள் வேண்டும் என்றார். 2025 மார்ச்சில் தமிழக முதல்வர் மு.க. ஸ்டாலின், மணமக்கள் தாமதியாமல் பிள்ளை பெற வேண்டும் என்றார். தொகுதி மறுவரையறை பற்றிய அச்சமே அவரை அவ்வாறு பேச வைத்தது.

அச்சம் நியாயமானதே. அளவோடு பெற்ற மாநிலம் இடங்களை இழக்கலாகாது என்றுதான் 1976 இல் 42 ஆவது திருத்தம், 1971 கணக்கெடுப்பின்படி தொகுதிப் பங்கீட்டை நிறுத்திவைத்தது. அந்த நியாயத்தைக் கேட்கவேண்டிய இடம் நாடாளுமன்றம், பள்ளியறை அன்று.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள், பீகாரில் ஏறத்தாழ 3. கருப்பையைக் கொண்டு இந்த இடைவெளியை நிரப்பிவிட முடியுமா?

நம் எண்ணிக்கையைக் குறைத்தது மேடைப் பேச்சன்று. பெண்கள் படித்தார்கள், பிறந்த குழந்தைகள் பிழைத்தன, கணவன்மார் ஒதுங்கிக்கொண்ட அறுவையைத் தாய்மார்கள் தம் உடலில் ஏற்றார்கள். அவர்களிடமே மீண்டும் வரி கேட்பது அறமா?

முதுமை பெருகுவது மெய்தான். ஆனால் இன்று பிறக்கும் பிள்ளை உழைக்க 20 ஆண்டுகளாகும். இன்றைய முதியவருக்கு வேண்டியவை ஓய்வூதியமும் மருத்துவமும். அவற்றைப் பேசுங்கள், தலைவர்களே. பிள்ளைக் கணக்கைப் பெண்களிடம் விட்டுவிடுங்கள்.